கீழ் வீட்டு டிவி முன்னால் பத்து நிமிடம்

ஜெர்மனியில் இருக்கும் மகள் செல்வி, "எனக்கு லீவே கெடைக்கலம்மா, நீ வா" என்று கூப்பிட்டதால் போன செப்டம்பரில் கிளம்பினேன். நான் ஐந்தாவதுதான் படித்திருக்கிறேன். ஆனாலும் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து அவ்வளவு தூரம் தனியாகப் போய்வந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் ஊர் நந்திதுர்க்கிலிருந்து பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு டாக்சி மூவாயிரம் ரூபாய். விமானத்தில் பத்து மணி நேரம். கால் வீங்கும், நடுவில் எழுந்து நடங்கள்.

அங்கே எல்லா வீட்டுக் கதவும் சாத்தியே இருக்கும். செல்வி இருப்பது மாடியில். நாலு வயதுப் பேத்தி இனியா ஓடினால் கீழ் வீட்டு அம்மாவுக்குக் கேட்கும். அவர் இரண்டு தடவை ஓனரிடம் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை சொன்னால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று மகளுக்குப் பயம். "மெதுவா நடடி" என்பதுதான் அந்த வீட்டில் நாள் முழுக்கப் பேச்சு.

ஒரு சாயங்காலம் செல்வி கடைக்குப் போயிருந்தாள். குப்பை போடப் போன கீழ் வீட்டம்மா கதவைத் திறந்தே விட்டிருந்தார். உள்ளே டிவியில் குழந்தைப் பாட்டு. எங்கள் லைனில் டிவி சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டோடு போய் உட்காருவதுதான் வழக்கம். எனக்கு வேறு யோசனையே வரவில்லை. ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டு பேத்தியோடு உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்தேன்.

திரும்பி வந்த அந்தம்மா எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார். பிறகு ஒரு துண்டை இனியாவின் மடியில் விரித்தார். சோபாவைக் காப்பாற்றத்தான்!

டிவியில் கரடி பொம்மை ஒன்று பல் துலக்கி, செருப்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் படுத்தது. அவ்வளவுதான், பத்து நிமிடம். விளம்பரம் இல்லை, அடிதடி இல்லை. அந்தம்மா டிவியை அணைத்தார், இனியா அழவே இல்லை! எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நம் ஊரில் ஒரு வாய் ஊட்ட இரண்டு சீரியல் ஓட வேண்டும்.

அந்தம்மா ஜெர்மன் மொழியில் ஏதோ கேட்டார். இனியாதான் எனக்குச் சொன்னாள்.

"பாட்டி, தடதடன்னு ஓடறது நானான்னு கேக்கறாங்க."

"ஆமான்னு சொல்லு, கண்ணு."

அவர் இனியாவை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். யாரோ பெரிய ஆள் ஓடுவதாக நினைத்தாராம். ஏழு மணி வரை ஓடு, அப்புறம் வேண்டாம் என்றார். நாமாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருஷக்கணக்கில் பேசாமல் இருப்போம். ஓனரிடம் போனவர்தான், ஆளைப் பார்த்ததும் நேராகச் சொன்னார், முடிந்தது.

வீட்டுக்கு வந்த செல்வி தலையில் கை வைத்தாள். "யம்மா, இன்னா காரியம் பண்ணிட்ட? பெல்லு கூட அடிக்காமயா போவ?"

"டிவி பாக்கத்தானே போனோம். நீ குதிக்கிறதுதான் இப்ப கீழ கேக்கும், போ."

ஏழு மணி வரை ஓடலாம் என்று அந்தம்மா சொன்னதையும் சொன்னேன், அவள் நம்பவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க இனியாவைக் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. சாயங்காலம் பெல் அடித்தது. செல்வி பயந்துகொண்டே திறந்தாள். கீழ் வீட்டம்மாதான். இரண்டு வார்த்தை பேசிவிட்டு நின்றார். செல்வி என் பக்கம் திரும்பினாள், கண் கலங்கியிருந்தது.

"இன்னிக்கு ஓடற சத்தமே கேக்கலையாம். கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்கம்மா."

போகிறவர்கள் சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், தரை சில்லென்று இருக்கும். டிவி பார்க்கப் போனால் பெல் அடித்துவிட்டுப் போங்கள். ஆனால் போங்கள்.