கிண்ணத்தின் அடியில் ஓர் எழுத்து

பொன்மணி செருப்பை வேலியோரம் கழற்றி விடுகிறாள். இடுப்புச் சாவியை உருவி ஆணியில் மாட்டுகிறாள். சூளை வாசலில் மண்ணோடு பதித்திருக்கும் செம்புத் தகட்டை உள்ளங்கையால் ஒரு தரம் தொடுகிறாள். அதற்குப் பிறகுதான் தீப்பெட்டியைக் கையில் எடுக்கிறாள்.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் போகுமுன் எல்லோரும் இப்படித் தகட்டைத் தொட வேண்டும். உடம்பிலிருந்து ஒரு பொறி கிளம்பினாலும் கதை முடிந்தது. இங்கேயோ அவளே நெருப்பு வைக்கப் போகிறாள். பக்கத்து வீட்டு இருளம்மாளுக்கு இது தீராத வேடிக்கை.

"தீ வைக்கப் போறவளுக்குத் தகடு எதுக்குடி?"

"நாஞ் சொன்னாலும் கை கேக்க மாட்டேங்குது மதினி."

சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டத்தில் கம்பி மத்தாப்பு முக்கிப் பழகிய கை அது. சட்டத்தில் நிறுத்திய கம்பிகளை மருந்துக் கரைசலில் விட்டுச் சிந்தாமல் தூக்குகிற அதே மணிக்கட்டுத் திருப்பத்தோடுதான் இப்போது கிண்ணத்தைக் கிளேஸ் வாளியில் முக்கி எடுக்கிறாள். கிளேஸ் என்பது சுட்டால் கண்ணாடிபோல் படிகிற பூச்சு. புதுச்சேரிப் பக்கம் ஒரு பட்டறையில் கற்றுக்கொண்ட பீங்கான் தொழில். ஊர் திரும்பிச் சூளை போட இடம் கேட்டாள், ஒருத்தர் தரவில்லை. சுற்றிலும் மருந்துக் கிடங்காக இருக்கிற ஊரில் யார்தான் தருவார்கள்? அதனால்தான் சூலக்கரையில், கலெக்டர் ஆபீசைத் தாண்டி, கருவேலங்காட்டை ஒட்டி இந்தக் கொட்டகை. விறகுக்குப் பஞ்சமில்லை.

கிண்ணமோ சாடியோ, மண் ஈரமாக இருக்கும்போதே அடியில் பழைய மத்தாப்புக் கம்பியால் 'பொ' என்று கீறிவிடுவாள். ஏன் என்று கேட்டால் ஒரு தீபாவளியைப் பற்றிச் சொல்வாள். கம்பெனியில் இருந்த காலத்தில் கடையில் ஒரு பெட்டி மத்தாப்பு வாங்கினாளாம். அவளுடைய கம்பெனிச் சரக்கேதான். "பெட்டியப் பெரட்டிப் பெரட்டிப் பாக்கேன். மயில் படம் இருக்கு, கம்பெனி பேரு இருக்கு. ஏங் கையி முக்குனதா, வேற ஆளு முக்குனதான்னு எனக்கே தெரியல. கொளுத்துனேன், போயிருச்சு."

2007-இல் தீபாவளி சீசன் முடிந்த கையோடு சிவகாசியிலிருந்து சொர்ணலட்சுமியம்மாள் காரில் வந்து இறங்கினார். அச்சகமும் பட்டாசுக் கம்பெனியும் உள்ள வீடு. மகள் ஆர்த்தியின் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கிண்ணம் வேண்டும். தங்கள் லேபிளில் உள்ள அதே சிவப்பில் வேண்டும். பொன்மணி இதுவரை பார்க்காத பெரிய ஆர்டர். எல்லாம் பேசி முடித்த பிறகு அம்மாள் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இதென்னம்மா எழுத்து? எங்க கம்பெனி பேருல்லா வரணும்."

"லேபிள் ஒட்டிக்கிடுங்க மொதலாளியம்மா. அடியில எம் பேரு இருக்கும்."

"பேரில்லாமச் செஞ்சு குடுக்க ஆயிரம் பேரு இருக்காக."

"இருக்காக. நீங்க இங்கனதான தேடி வந்திருக்கீக."

அம்மாள் சிரித்தாரா முறைத்தாரா என்று பொன்மணிக்குப் பிடிபடவில்லை. "நாங் கேட்ட செவப்பு வந்தா ஒம் பேரு இருக்கட்டும். வரலேன்னா வேற கலர்ல, எங்க பேரப் போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சிவப்புக்கா பஞ்சம் என்று நினைத்தாள் பொன்மணி. சிவப்பு மத்தாப்புக்குப் போடுகிற ஸ்ட்ரான்சியம் பவுடரைச் சிவகாசியில் வாங்கிவந்து கிளேஸில் கலந்தாள். மத்தாப்புக்காரிக்கே தோன்றக்கூடிய தப்பு. தீயைச் சிவப்பாக்குகிற மருந்து மண்ணைச் சிவப்பாக்குமா? சூளையைத் திறந்தால் ஒரு லோடு கிண்ணமும் பால் வெள்ளை. விறகு போட்ட கணவன் முனியராஜ் ஒரு கிண்ணத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தீயி நல்லாச் செவந்திருக்கும்யா. நாமதான் உள்ள போய்ப் பாக்கல" என்று சொல்லிச் சிரித்தவள், சிரித்து முடிக்குமுன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செம்புத் தூளில் சிவப்பு வரும் என்பதைப் பட்டறையில் பார்த்திருக்கிறாள். ஆனால் சூளை நல்ல சூட்டில் இருக்கையில் காற்று வழியை அடைத்து, விறகைத் திணித்துக் கரும்புகை எழுப்ப வேண்டும். காற்று கொஞ்சம் கூடினாலும் பச்சையாகிவிடும். இந்தப் பக்கத்தில் கரும்புகை விளையாட்டுக் காரியமில்லை. வானத்தில் புகை தெரிந்தால் வெடி விபத்தோ என்று சோற்றுக் கையோடு வெளியே ஓடிவந்து "எந்தக் கம்பெனி?" என்று கேட்கிற சனம். அதற்குப் பயந்தே அவள் அந்தச் சிவப்பைத் தொடாமல் இருந்தாள்.

இந்தத் தடவை தொட்டுவிட்டாள். சூளை மூட்டிய அன்று காலையில் தெருத் தெருவாகப் போனாள். பட்டாசு வேலைக்குச் சிவகாசி வேனுக்காக நின்ற பெண்களிடமும் போனாள். "இன்னைக்கு எஞ் சூளையில கரும்பொகை வரும். யாரும் பதறாதீக. வீட்டுலயும் சொல்லிருங்க." மத்தியானம் புகை எழுந்தபோது தெருவில் ஒருவரும் ஓடவில்லை. ரோட்டில் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தவர்களை இருளம்மாள் கவனித்துக்கொண்டாள். "கம்பெனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க பொன்மணி கிண்ணம் சுடுதா. நீங்க போங்க!" அந்த 'எங்க' என்ற சொல் காதில் விழுந்தபோது பொன்மணிக்கு வெக்கை மறந்துபோயிற்று.

சூளை ஆறியதும் முனியராஜ் வாசல் செங்கற்களைப் பிரித்தான். முதல் கிண்ணத்தைப் பொன்மணி வெளியே எடுத்தாள். சிவப்பு. விளிம்பில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு. அடுத்ததும் சிவப்பு. பச்சை பாய்ந்த சிலவற்றை ஒதுக்கி வைத்தாள். "பாருய்யா, நல்லாப் பாரு" என்றாள். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

சொர்ணலட்சுமியம்மாளின் கார் ரோட்டிலிருந்து திரும்புவது தெரிந்தது. கிண்ணங்கள் அடுக்கிய பலகையை முனியராஜ் வெயில் படும் பக்கம் அவசரமாக இழுத்துப் போட்டான். உள்ளும் புறமும் சிவப்பு தகதகத்தது. பொன்மணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு கோடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கிண்ணத்தையும் எழுத்து மேலே தெரியும்படி கவிழ்த்து வைத்தாள்.