ரோசிக்குக் கறுப்பாய் ஒரு பிள்ளை

பாம்பு வளர்க்கிற வேலையில் பாம்புக்குச் செலவாகிற நேரம் கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் மனிதருக்கு விளக்கம் சொல்வதில் போய்விடும். நாய் வளர்க்கிறவரிடம் யாரும் “ஏன்?” என்று கேட்பதில்லை. பூனை வளர்க்கிறவரிடம் “சாத்தானோட உனக்கென்ன உறவு?” என்று கேட்பதில்லை. என்னிடம் இரண்டையும் கேட்டிருக்கிறார்கள், அதுவும் சோற்றுக் கோப்பையோடு இருக்கும்போது. தமிழ் வீட்டுக்குள் ஓர் ஆமையையோ வெள்ளெலியையோ வளர்த்துப் பார்த்த சக துயரிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், கேள்வி மட்டும் கேட்காதீர்கள்.

என்னிடம் இருப்பவை மெக்சிக்கோ மலைப்பக்கத்து வேரியபிள் கிங்ஸ்னேக். விஷமில்லாத சாதி. பெண் ரோசி, சாம்பல் உடம்பில் செம்மஞ்சள் பட்டைகள். ஆண் ராஜன், சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாய் வளையங்கள். முன்பு இந்த நோர்வே நாட்டில் பாம்பு வளர்க்கவே தடை. பிறகுதான் சில இனங்களுக்கு அனுமதி வந்தது. நான் சட்டம் படிக்கிறவள். முதலில் அனுமதியை வாசித்தேன், பிறகுதான் பாம்பைப் பார்த்தேன். இந்த இனத்தில் மனம் விழுந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: ஒரே தாய் ஒரே தடவை இட்ட முட்டைகளிலிருந்து வருகிற குட்டிகள் ஆளுக்கொரு நிறத்தில் பிறக்கலாம். உடைத்துப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

ஒஸ்லோவின் புருசெத்தில் மூன்றாம் மாடியில் அம்மா, அப்பாவோடு இருக்கிறேன். ரோசி முட்டை இடப்போகிறாள் என்று தெரிந்த அன்றே அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெரிய இரண்டும் இருக்கலாம். குட்டிகளுக்கு ஒதுக்கிய மூலை, நத்தார்ப் பண்டிகைக்குப் பாலன் யேசுவின் குடில் வைக்கிற மூலை. குடில் வைப்பதற்குள் குட்டிகள் அத்தனையும் வேறு வீடு போயிருக்கவேண்டும். ஒன்று மிஞ்சினாலும் தாயும் தகப்பனும் சேர்ந்து வெளியே. மேல்முறையீடு கிடையாது.

மாதாவின் காலடி

எங்கள் வீட்டு மாதா சொரூபத்தின் காலடியில் ஒரு பாம்பு நசிந்துகொண்டிருக்கிறது. ராஜன் வீட்டுக்கு வந்த முதல் கிழமை முழுவதும் அம்மா அதைத்தான் விரலால் காட்டிக்கொண்டிருந்தார். பாம்பின் இடம் அதுதானாம். அந்தப் பாம்பு சாத்தானின் உருவகம், ராஜனோ பதிவுபெற்ற வளர்ப்பாளரிடம் பிறந்தவன், ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவரைத் தண்டிக்க உலகத்தில் எந்தச் சட்டமும் இடம் தராது என்று நான் வாதாடினேன். அம்மா சீரகம் வறுத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் என் கையில் இருந்த நல்ல துருப்புச்சீட்டை இறக்கினேன். கிங்ஸ்னேக் காட்டில் மற்றப் பாம்புகளையும் பிடித்துத் தின்னும். அப்படிப் பார்த்தால் ராஜன் மாதாவின் கட்சி. அம்மா அடுப்பைத் தணித்தார். பிறகு சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு போய், கண்ணாடிப் பெட்டிக்கு நேரெதிரே தட்டில் வைத்துத் தூசி துடைத்தார்.

“கட்சியெண்டா நல்லதுதான். இருந்தாலும் அவா இதிலை நிண்டு பார்க்கட்டும். சேட்டை விட்டால் கால் தயாரா இருக்கு.”

பால்

கீழ்வீட்டுப் பவானி அக்கா சைவ சமயம். பாம்பு வந்த செய்தி எப்படிப் போனதோ, வெள்ளிக்கிழமை தலை முழுகி, ஒரு செம்பு பாலும் இரண்டு முட்டையும் கொண்டு கதவில் நின்றார். நாகதம்பிரான் தேடி வந்திருக்கிற வீடு என்றார். அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். சாத்தானைச் சகித்துக்கொள்ளப் பழகிய மனுஷிக்கு, அதே சாத்தானுக்குத் தன் வீட்டிலேயே படையல் நடப்பது என்பது அடுத்த கட்டச் சோதனை.

நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வழக்காடினேன். அது பேயும் இல்லை, தெய்வமும் இல்லை, கிழமைக்கொரு எலி சாப்பிடுகிற உயிர். பால் அதற்குச் செமிக்காது. புற்றில் ஊற்றுகிற பாலைப் பாம்பு குடிப்பதும் இல்லை. விஞ்ஞானத்தில் என்ன சொல்கிறார்கள் என்றால்... என்று நான் தொடங்கியபோது பவானி அக்கா செம்பை என் கையில் திணித்தார்.

“பால் குடியாதெண்டு எனக்கும் தெரியும் பிள்ளை. இஞ்சை, நீ குடி. எலும்பும் தோலுமா நிண்டுகொண்டு என்ன கதை கதைக்கிறாய்.”

ரோசிக்காக ஒரு செபமாலை

பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பும்போது ரி-பானே என்கிற நிலக்கீழ் ரயிலில், பேர்கனில் இருக்கிற சிநேகிதியோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டு வந்தேன். தமிழில்தான் கதைத்தேன், தமிழில் கதைத்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளங்காது என்கிற மூட நம்பிக்கை புருசெத் பக்கம் போகிற ரயிலில் எடுபடாது என்பதை நான் மறந்திருந்தேன். சொன்னது இவ்வளவுதான். ரோசிக்கு வயிற்றில். ராஜனைப் பிரித்துத் தனியாக விட்டாச்சு, இனி அவனால் ஒரு பிரயோசனமும் இல்லை. பிள்ளைகள் வீட்டில் இருக்கக்கூடாது என்று அம்மா ஒரே பிடியாய் நிற்கிறார், பிறந்ததும் யாருக்காவது கொடுக்கத்தான் வேண்டும். பாவம் ரோசி, அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பின் இருக்கையில் செல்வி அன்ரி. அம்மாவின் செபக்குழுவை நடத்துகிறவர். ஞாயிறு பின்னேரம் ஒரு பை நிறையக் குழந்தை உடுப்புகளோடு வந்து, அம்மாவை அறைக்குள் கூப்பிட்டு, கல்யாணமாகாத பிள்ளை தவறு செய்துவிட்டால் அதற்காகச் சிசுவைப் பிரிப்பது எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். குழுவில் எல்லாரும் சேர்ந்து ரோசியின் சுகப்பிரசவத்துக்காக முழுச் செபமாலை சொல்லியும் முடித்தாச்சாம். அன்று அம்மாவும் அங்கே இருந்தவர்தான். ரோசி யாரோ ஒரு பங்குப் பிள்ளை என்று நினைத்து, முழங்காலில் நின்று உரத்துச் சொன்னவர்.

அம்மா அன்ரியைக் கூட்டிவந்து கண்ணாடிப் பெட்டிக்கு முன் நிறுத்தினார். உள்ளே ரோசி வயிறு புடைக்க, அசைய ஏலாமல் படுத்திருந்தாள். நான் சிரிப்பை அடக்கப் போய் விக்கல் எடுத்தது. அன்ரி பையிலிருந்த சின்னத் தொப்பியை எடுத்தார், திரும்ப உள்ளே வைத்தார்.

“சொன்ன செபம் சொன்னதுதான். திருப்பி வாங்க ஏலாது. சுகமாப் பெறட்டும்.”

தகப்பன்

சுகமாகத்தான் பெற்றாள். ஈரத் தேங்காய்த் தும்புக்குள் ஆறு முட்டைகள். அவற்றைச் சூடு மாறாத பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் போலக் காத்திருந்தேன். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. முட்டைக்கோதை உள்ளிருந்து கீறிக்கொண்டு முதல் மூக்கு வெளியே வந்தபோது நான் கத்திய கத்தலில் அப்பா குளியலறையிலிருந்து சவர்க்கார நுரையோடு ஓடிவந்தார். குட்டி எங்களைப் பார்த்தது. நாக்கை ஒருமுறை நீட்டியது. இந்த உலகம் சரிவராது என்று நினைத்ததோ என்னவோ, திரும்பக் கோதுக்குள் போய்விட்டது.

எல்லாம் வெளியே வந்தபின் பார்த்தால் திருவிழாக் கடை. இரண்டு குட்டிகள் தாயைப் போலச் சாம்பலும் செம்மஞ்சளும். மூன்று குட்டிகள் தகப்பனைப் போல வளையங்கள், அதிலும் ஒன்றின் சிவப்பு மற்றதில் இல்லை. ஆறாவது முழுக் கறுப்பு, நனைந்த தார் வீதி மாதிரி மினுங்கியது. எனக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிப் போனது. தன் செபத்தின் பலனைப் பார்க்கச் செல்வி அன்ரியும் வந்திருந்தார். பரம்பரை அலகுகள் எப்படி மறைந்திருந்து வெளிவரும் என்று காகிதத்தில் கட்டம் போட்டே விளங்கப்படுத்தினேன். அன்ரி பொறுமையாய்க் கேட்டார், ஒவ்வொரு குட்டியாகப் பார்த்தார், பிறகு ராஜனின் பெட்டியைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

“எல்லாம் விளங்குது பிள்ளை. தகப்பன் ஒராள்தானே?”

நாவூறு

ஐந்தும் முதல் தோலைச் செட்டையாகக் கழற்றிவிட்டு எலிக்குஞ்சைப் பிடித்துத் தின்னத் தொடங்கின. கறுப்பு தொடவில்லை. சாப்பிடப் பழகாத குட்டியை யாருக்கும் கொடுக்கக்கூடாது, அது வளர்ப்பாளரின் மரியாதை. இந்த இனத்துக் குட்டிகளுக்கு எலியைவிடப் பல்லிதான் பிடிக்கும் என்பார்கள். ஒஸ்லோவில் பல்லிக்கு நான் எங்கே போவேன்? உறையவைத்த எலிக்குஞ்சை இளக்கிச் சூடாக்கினேன், மூக்குக்கு முன்னால் ஆட்டினேன், கெஞ்சினேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இதுவரை குட்டிகளிருந்த மூலைக்கே வராத அம்மா, வேலையால் வந்து சப்பாத்தையும் கழற்றாமல் “சாப்பிட்டதோ?” என்று கேட்கத் தொடங்கினார். முதியோர் இல்லத்தில் சாப்பிட மறுக்கிறவர்களைச் சாப்பிட வைக்கிறதுதான் அவருடைய வேலை; வீட்டுக்குள் ஒரு சீவன் பட்டினி கிடப்பதை அவரால் தாங்க முடியவில்லை. வாயில் தீத்திவிடச் சொன்னார். பாம்புக்குத் தீத்த ஏலாது என்றேன். அப்படியென்றால் வந்தவர் போனவர் எல்லாரும் எட்டிப் பார்த்துக் கண்ணூறு நாவூறு பட்டுவிட்டது, யார் கண்ணிலும் படாமல் மூடி வை என்றார். குட்டியைச் சின்ன டப்பாவுக்குள் எலியோடு விட்டு, இருட்டாக மூடி, தனியே வைக்கலாம் என்று நானும் அன்று காலைதான் வாசித்திருந்தேன். ஒதுங்கிடம் கிடைத்தால் பயம் தெளியும் என்பது அதன் தத்துவம். ஆக இருவரும் சேர்ந்து ஒரே டப்பாவை ஒரே துவாயால் மூடினோம், காரணத்துக்காக மட்டும் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தோம். திறந்து பார்த்தபோது எலியைக் காணவில்லை. குட்டியின் வயிற்றில் ஒரு சின்ன மேடு. எங்கள் வீட்டில் அன்று இரட்டைக் கொண்டாட்டம், வென்றவர் இரண்டு பேர்.

“நீ உன்ர விஞ்ஞானத்தையே வைச்சிரு பிள்ளை. துவாய் என்ர.”

கலர்

வளையக் குட்டிகள் மூன்றும் நல்ல இடங்களுக்குப் போயின. எல்லிங்ஸ்ருட்டில் ஒரு ஆசிரியைக்கு ஒன்று, மற்ற இரண்டும் என் வகுப்புத் தோழர்களுக்கு. சாம்பலில் ஒன்றைப் பவானி அக்காவின் மருமகன் வாங்கிக்கொண்டான். அடுத்துக் கார்த்திக் வந்தார். சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர், மிக மரியாதையானவர், அம்மாவை “ஆன்ட்டி, ஆன்ட்டி” என்று கூப்பிட்டு இரண்டு தேத்தண்ணி குடித்தார். இரண்டு குட்டி எடுக்கத்தான் வந்திருந்தார். கறுப்பைக் கையில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்கு நேரே பிடித்தார். சாம்பலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்தவர்கள் எல்லாருமே இதைத்தான் செய்தார்கள், வேறு வேறு வார்த்தையில். “வடிவாத்தான் இருக்கு, ஆனால்...” என்பார்கள். அந்த ‘ஆனால்’ எனக்குப் பழக்கமான ஆள். வெயில் எட்டிப் பார்த்தாலே ஊர் முழுக்கப் புல்லில் படுத்திருக்கிற இந்த ஒஸ்லோவில், “வெயிலுக்கை நில்லாதை, கறுத்துப் போவாய்” என்ற குரலைக் கேட்டு வளர்ந்தவள் நான். சொன்னது வேறு யாருமில்லை, அம்மாதான். கறுப்பென்றால் என்ன குறை என்று கார்த்திக்கிடம் கேட்டேன். தோலின் நிறத்தில் தொடங்கிக் குடியேற்ற நாடுகள்வரை போய்விட்டு வந்தேன். அவர் பாவம், கோப்பையைக் கீழே வைக்கவும் பயந்துபோய் இருந்தார்.

“ஐயோ, நான் அப்படிச் சொல்லலைங்க. இதுவும் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் கலரா இருந்திருக்கலாம்னுதான்...”

கடைசிப் பிள்ளை

குடில் வைக்கிற கிழமை வந்துவிட்டது. வைக்கோலும் இடையர்களும் ஆட்டுக்குட்டிகளும் அலுமாரிக்கு மேலிருந்து இறங்கி, பெட்டியோடு வீட்டு நடையில் காத்திருந்தன. மூலையில் ஒரே ஒரு டப்பா. அப்பா என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தார். ரோசியையும் ராஜனையும் எங்கே அனுப்புவது என்று தெரிந்தவர்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ட்ரம்மனிலிருந்து எய்ரிக் என்றொருவர் எழுதினார். பாம்பு வளர்ப்பில் பழுத்தவர். நேரில் வந்து குட்டியைப் பார்த்ததும் அவர் முகம் விளக்குப் போட்டது போலானது. கறுப்புத்தான் வேண்டும், எத்தனையோ காலமாய்த் தேடுகிறேன், என் சேகரிப்பில் இந்த நிறம்தான் இல்லை என்றார். எனக்குத் துள்ளவேண்டும் போலிருந்தது. வழக்கில் வென்றுவிட்டேன், கறுப்புக்கும் மதிப்பு உண்டு, அதை விளங்கிக்கொள்ள ஒரு மனிதர் வந்திருக்கிறார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். தன் முதியோர் இல்ல நோர்வேஜிய மொழியில், மெல்ல, மரியாதையாக விசாரித்தார். என்ன வேலை. சொந்த வீடா. வீட்டில் எத்தனை பாம்பு. அத்தனைக்கும் பெயர் இருக்கிறதா. பெயர் வைப்பதில்லை, இலக்கம் போட்டிருக்கிறேன் என்றார் எய்ரிக். சாப்பிடாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் அம்மா. அடுத்த கிழமை பார்ப்பேன் என்றார் அவர். பாம்பு வளர்ப்பவரின் சரியான பதில்தான் அது. அம்மாவின் புருவம் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தார், வீதி வழுக்கும், கவனமாய் ஓட்டிப் போங்கள் என்று வாசல்வரை போய் வழியனுப்பினார். அவர் வெறுங்கையோடு போனார், டப்பா மூலையிலிருந்து அசையவே இல்லை.

கதவு சாத்தியதும் நான் வெடித்தேன். நிபந்தனை போட்டது நீங்கள், நிறைவேற்ற வந்தவரைத் துரத்தியதும் நீங்கள், இது என்ன நீதி என்று கேட்டேன். அம்மா ஆட்டுக்குட்டிகளை எடுத்து, டப்பா இருந்த மூலையை விட்டுவிட்டுத் தொலைக்காட்சி மேசையில் ஒவ்வொன்றாய் அடுக்கத் தொடங்கியிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“கறுப்பெண்டு வேண்டாமெண்டவைக்கும் இல்லை, கறுப்பெண்டதாலை வேணுமெண்டவருக்கும் இல்லை. உது பிள்ளை. உடுப்பில்லை, நிறம் பார்த்து எடுக்க.”

சக துயரிகளே, வாயாடிப் பிழைக்கவென்றே சட்டம் படிக்கிற நான், என் கட்சிக்கே சாதகமாய் வந்த இந்தத் தீர்ப்பை எதிர்த்து அரை மணித்தியாலம் வாதாடிக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் பல்கலைக்கழகத்தில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.