மீன்கடைக்காரரின் புகார்

ஜப்பானின் சகாதா துறைமுகத்துக்கு மேலே இருக்கும் பள்ளியில் ஃபுசாயே வெகுகாலமாக உயிரியல் சென்செயாக, அதாவது ஆசிரியராக, இருந்துவந்தார். கூச்ச சுபாவம். ஆசிரியர் அறையில் யாராவது குரலை உயர்த்தினாலே தேநீர்க் கோப்பையோடு ஆய்வகத்துக்கு நழுவிவிடுவார். மெதாக்கா மீன்தொட்டி முன்னால் நின்றுவிட்டாலோ பேச்சை நிறுத்த முடியாது.

வயல் வாய்க்காலில் திரியும் பொடிமீன் அது. மயக்க மருந்து கலந்த நீரில் அதைக் கிடத்தி, வால்துடுப்பின் நுனியைப் பிள்ளைகள் கத்தரிப்பார்கள். பிறகு வாராவாரம் துடுப்பு மறுபடி வளர்வதை நுண்ணோக்கியில் பார்த்து வரைவார்கள். புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்லியும் மண்டையில் ஏறாத செல் பிரிதல், இதில் ஏறிவிடும்.

ஒரு ஜூன் மாதம் தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"சென்செய், மீனைச் சித்திரவதை பண்றீங்கன்னு ஒரு அப்பா புகார் சொல்லியிருக்காரு. பேசாம வீடியோ போட்டுக் காட்டிடுங்களேன்."

"யாரு அவரு?"

தலைமையாசிரியர் நெளிந்தார். "மீன்கடை சுகாவா."

அன்று சாயங்காலமே ஃபுசாயே மீன்கடைக்குப் போய் நின்றார். "காலைலேர்ந்து எத்தனை தலை வெட்டினீங்க, சுகாவா சான்?"

"நான் வெட்டுறது திங்கிறதுக்கு. வேடிக்கைக்கு இல்ல. எம்பொண்ணு சோறு திங்காம அழுதா, தெரியுமா?"

"ஒரு தடவை வந்து பாருங்க. அப்பவும் வேடிக்கைன்னு தோணினா நிறுத்திடறேன்."

ரப்பர் பூட்ஸோடு வந்தார் சுகாவா. நுண்ணோக்கியில் வைத்த கண்ணை வெகுநேரம் எடுக்கவில்லை. கண்ணாடி போன்ற புதுத் துடுப்புக்குள் ரத்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

"பொறந்ததுலேர்ந்து மீனோடயே கெடக்கேன். ரத்தம் ஓடுறத இப்பத்தான் பாக்கறேன்" என்றார். பிறகு நிமிர்ந்து, "வளந்ததும் இத என்ன பண்ணுவீங்க?"

ஃபுசாயே தயங்கினார். "அடுத்த வகுப்புக்கும்... இதையேதான்."

"திரும்பவுமா வெட்டுவீங்க? அநியாயம், சென்செய்! ஒரு மீனுக்கு ஒரு தடவைதான். சரின்னா நான் வாயை மூடிக்கறேன்."

இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கேள்வி தனக்குத் தோன்றவே இல்லையே என்று ஃபுசாயேவுக்குச் சுருக்கென்றது. சரி என்று தலையாட்டினார். கத்தரிக்க மனமில்லாத பிள்ளைகள் வரைந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார். சுகாவாவின் மகள் மிதோரி அந்தப் பருவம் முழுக்க வரைந்தாள்.

ஒருமுறை வெட்டுப்பட்ட மீன்களுக்கென்று வைத்த தனித்தொட்டி சீக்கிரமே நிரம்பி வழிந்தது. இடமில்லாமல் ஃபுசாயே விழித்தபோது, சுகாவாவே வாளியோடு வந்து அவற்றை அள்ளிப்போய்க் கடைவாசல் கல்தொட்டியில் விட்டார். வாடிக்கைக்காரர்கள் குனிந்து விலை கேட்டால் எரிந்து விழுவார்.

"அதுல கை வைக்காதீங்க. அதெல்லாம் பள்ளிக்கூடத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனதுங்க!"