ஹோபர்ட் சொல்ல மறுத்த 'ஆமா'

வெர்லீன் ஸ்லோனின் வலது கையில் மூன்று விரல்கள் கோணல். சுண்டுவிரலைக் கணவன் க்ளெல் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான். மற்ற இரண்டும் அவளே பிறர் முகத்தில் உடைத்துக்கொண்டவை. பதினெட்டு வருடம் அவனிடம் அடி வாங்கியவள், ஒரு ஞாயிறு காலை பன்றிக்கறி வறுத்த இரும்புச் சட்டியாலேயே அவன் கையை முறித்தாள். அதன்பிறகு அவன் அவளைத் தொடவில்லை. ஆனால் க்ளெலின் தம்பி ஹோபர்ட், தன் அண்ணன் பூச்சியைக்கூட அடிக்காதவன், அவள்தான் பேய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். முப்பது வருடம் அவளுக்கும் ஹோபர்ட்டுக்கும் பேச்சு இல்லை.

க்ளெலின் நுரையீரலை நிலக்கரித் தூசி அரித்தபோது, காப்பீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டியே வெர்லீன் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் விதிகளைக் கரைத்துக் குடித்தாள். அவன் செத்தபின் செவ்வாய்தோறும் எங்கள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து, எந்தத் திட்டம் யாருக்குப் பொருந்தும் என்று கிழடுகளுக்கு இலவசமாகச் சொன்னாள். கண் மங்கிய அவளுக்கு வண்டி ஓட்டுவது, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற நான். திட்டம் விற்க வந்த ஒரு தரகனை அவள் நூலகப் படிக்கட்டில் உருட்டிவிட்டபோது எனக்கு வயிறு குளிர்ந்தது.

அந்தத் தரகன்தான் ஆள் பிடிக்க ஊருக்கே இலவசமாகக் கோழி வறுவல் விருந்து போட்டவன். விருந்துக்கு மறுநாள் ஹோபர்ட்டைப் போனில் கூப்பிட்டு, பல்லுக்கும் சேர்த்துப் பார்க்கிற திட்டம் வேண்டுமா என்று கேட்டான். ஹோபர்ட் "ஆமா" என்றான். அந்த ஒற்றைச் சொல்லைப் பதிவு செய்து, பாவி, திட்டத்தையே மாற்றிவிட்டான். ஹோபர்ட்டின் சிறுநீரகங்கள் செயலிழந்தவை. வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். புதிய திட்டத்தில் ஊரிலிருந்த சுத்திகரிப்பு மையம் சேராது. ஜனவரியிலிருந்து மலை தாண்டி இரண்டரை மணி நேரம் போகவேண்டும். எழுபத்தெட்டு வயது உடம்பு பனியில் அதைத் தாங்காது. திட்டம் மாறிவிட்டதாகக் கடிதம் வந்த அன்று ஹோபர்ட் சுவரிலிருந்த போனைத் துப்பாக்கியால் சுட்டான். இனி எந்தப் போனிலும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்று சத்தியமும் செய்தான்.

டிசம்பர் ஏழு, ஜனவரி தொடங்குமுன் திட்டத்தை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். அன்று விட்டால் ஜனவரி முழுக்க மலைப் பாதைதான். நானும் வெர்லீனும் ஹோபர்ட் வீட்டுக்குப் போனோம். வண்டி நின்றதும் பக்கக் கண்ணாடி வெடித்துச் சிதறியது.

"காகிதத்தோட எவன் வந்தாலும் சுடுவேன்!" வாசலில் துப்பாக்கியோடு நின்று ஹோபர்ட் கத்தினான்.

"காகிதம் இல்லடா, போன்தான் கொண்டாந்திருக்கேன்!" வெர்லீன் இறங்கி நடந்தாள்.

"போனா? அப்ப ரெண்டு தடவ சுடுவேன் அண்ணி!"

அவள் துப்பாக்கிக் குழலைப் பிடித்து மேலே தள்ளினாள். இரண்டாவது குண்டு கூரையைப் பிய்த்தது. துப்பாக்கிக் கட்டையால் அவன் அவள் வாயில் இடித்தான். ஒரு பல் படியில் விழுந்தது. அவள் அவன் மூக்கில் குத்தினாள். இருவரும் கட்டிப் புரண்டார்கள். அவள் முடியைப் பிடித்துத் தலையைத் தூணில் மோதினான். நான் துப்பாக்கியைப் பிடுங்கிப் புதரில் எறிந்தேன்.

"இடது கையத் தூக்கி வச்சுக்கடா மடையா! அதுல அடிபட்டா செத்துப்போவ!" என்று கத்திக்கொண்டே வெர்லீன் அவன் விலாவில் குத்தினாள். இயந்திர ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த கை அது. அவ்வளவு அடியிலும் அந்தக் கைமேல் அவள் விரல்கூடப் படவில்லை.

அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, தன் போனில் மெடிகேர் அலுவலக எண்ணை அழுத்தினாள். ஒரு பெண் குழைவாகப் பேசினாள். ஹோபர்ட் ரத்தம் துப்பித் துப்பிப் பெயரையும் அட்டை எண்ணையும் சொன்னான்.

"பழைய திட்டத்துக்குத் திரும்புறது உங்க சொந்த விருப்பமா சார்?"

"ம்."

"மன்னிக்கணும் சார். 'ஆமா'ன்னு வாய்விட்டுச் சொல்லணும்."

வாயை இறுக்கிக்கொண்டான்.

"அவன் குரல்ல நான் சொல்லிடட்டா?" என்று கிசுகிசுத்தேன்.

"மூடு வாய! அப்புறம் அந்தக் கோழிக்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

அடித்து வாங்குகிற சம்மதம் சம்மதமில்லை என்று அவளுக்குத் தெரியும். இறங்கித் தள்ளி உட்கார்ந்தாள். "இனி தொடமாட்டேன். உன் இஷ்டம்டா."

"சார், லைன்ல இருக்கீங்களா?"

ஹோபர்ட் போனைப் பார்க்கவில்லை. தரையில் ஊன்றியிருந்த அவள் கையின் கோணல் சுண்டுவிரலைப் பார்த்தான்.

"அத... எங்கண்ணந்தான் செஞ்சானா?"

முப்பது வருடத்தில் அவன் ஒருநாளும் அவளிடம் கேட்காத கேள்வி. வெர்லீன் அந்த விரலை அவன் முன்னால் நீட்டினாள்.

"ஆமா."

 ஹோபர்ட் போனை நோக்கிக் குனிந்தான்.

"ஆமாம்மா," என்றான். "ஆமா."

வெர்லீன் அவன் இடது கையை மெல்ல எடுத்து, தையல்மேல் இரண்டு விரல் வைத்துத் துடிப்பு ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடியது.