உடைந்த முட்டியும் வலித்த முட்டியும்

பெருமாளின் வாகனத்தைத் தோளில் சுமப்பவர்களை உயரம் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். தண்டுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். உயரம் ஒத்துப்போகாவிட்டால் பாரமெல்லாம் ஒருவன் தலையில்தான். சின்ன காஞ்சிபுரத்தில் என் உயரத்துக்குச் சரியாக ஒருத்தன்தான் இருந்தான். எதிர்வீட்டுக்காரன், பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. நான் நின்றுவிட்டால் அவனும் நிற்க வேண்டியதுதான்.

எனக்கு இருபத்து நாலு வயதில் இடது முட்டி வலிக்க ஆரம்பித்தது. தறியில் மிதியை மிதித்தால் வலி. சம்மணத்திலிருந்து எழுந்தால் நொறுக்கென்று சத்தம். வைகாசி கருட சேவைக்கு ஒரு மாதம்கூட இல்லை. கிழவனுக்கு வரவேண்டிய நோய் எனக்கு வந்துவிட்டதே என்று வெட்கம். ஒருவரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு முட்டியையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார் டாக்டர். வலிக்கிற இடது முட்டியில் ஒரு குறையும் இல்லை. ஒருநாளும் வலித்திராத வலது முட்டியில் சில்லு இரண்டு துண்டாக இருந்தது! எனக்கு வியர்த்துவிட்டது. டாக்டர் சிரித்தார்.

"பயப்படாதப்பா. சில பேருக்கு சின்ன வயசுலேர்ந்தே சில்லு ஒண்ணா சேராம ரெண்டாவே இருக்கும். அது உன்னை ஒண்ணும் பண்ணல. இடது கால்ல தொடைக்குப் பலம் பத்தல, வலி அதனாலதான். அதெல்லாம் படத்துல தெரியாது."

காலில் மணல் பையைக் கட்டித் தினமும் தூக்கச் சொன்னார். மூன்று வாரத்தில் வலி குறைந்தால் வாகனம் சுமக்கலாம் என்றார்.

படத்தை அப்படியே பரணில் போட்டிருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது? வாசலில் நின்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தெருவே கூடிவிட்டது. எக்ஸ்ரேயை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தவர்கள்கூட டாக்டராகிவிட்டார்கள்.

"அய்யய்யோ, ரெண்டா ஒடைஞ்சிக்கினு இருக்குதே!"

அந்தக் கால் வலிக்கவே இல்லை என்று தொண்டை கிழியக் கத்தியும் யார் காதிலும் ஏறவில்லை. இடது முட்டியைப் பற்றிச் சொன்னால் இரண்டு காலும் போச்சு என்பார்கள். அதனால் அதை விழுங்கிவிட்டேன். யார் சுமப்பது என்று முடிவு செய்கிற என் பெரியப்பாவுக்குச் செய்தி எட்டியது.

"ஒடைஞ்ச முட்டியோட பெருமாளைத் தூக்குவியா? நீயும் வாணாம், அவனும் வாணாம்."

கூட்டாளி விடவில்லை. "இத்தினி வருசமா அந்தக் காலோடதான தூக்கிக்கினு இருக்கான்? ஒரு தபா குலுங்கிச்சா பெரியப்பா?"

கருட சேவைக்கு இரண்டு நாள் முன்னால் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, வலது காலை மட்டும் ஊன்றி உட்கார்ந்து எழச் சொன்னார். மூன்று தடவை எழுந்து காட்டினேன். "பரவால்லடா" என்று முதுகில் தட்டினார். இடது காலைச் சோதிக்க அவருக்குத் தோன்றவே இல்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கள்ளத்தனத்துக்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

கருட சேவையன்று விடியற்காலையில் தண்டருகே நின்றோம். கூட்டாளி மெல்லக் கேட்டான்.

"வலிக்குதாடா?"

டாக்டரை விட்டால், அதை என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவன்தான். மற்றவர்கள் எல்லோரும் படத்தைத்தான் கேட்டார்கள்.

"கொஞ்சம்."

"எந்தக் காலு?"

"இடது."

அவன் தண்டுக்கு அடியில் குனிந்து என் பக்கம் வந்து, என்னைத் தன் பக்கம் தள்ளினான். எப்போதும் இடது தோளில் சுமக்கிற நான் அன்று வலது தோளைக் கொடுத்தேன். உடைந்துபோனதென்று ஊரே சொன்ன காலில்தான் பாரமெல்லாம் இறங்கியது. அது கல்லாக நின்றது. குடைகள் அசைய, கூட்டம் கோவிந்தா போட, எனக்கு உலகமே மறந்துபோயிற்று.

வாகனத்தை இறக்கியதும் அவனைப் பார்த்தேன். அவன் வலது தோளில் ஆறு வருடக் காய்ப்பு. அன்று சுமந்த இடது தோளோ தோலுரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நான் பதறிக் கை வைக்கப் போனேன்.

"அத வுடு," என்றான். "முட்டி எப்படி இருக்குது?"