ஸ்டெம் செல் கொடுத்தவர்

முதலாண்டு மாணவர்களுக்கு ஸ்டெம் செல் பற்றிய அறிமுக வகுப்பு. வெறும் படங்களைக் காட்டினால் தூங்கிவிடுவார்கள் என்று, முன்பின் தெரியாத ஒரு ரத்தப் புற்றுநோயாளிக்குத் தன் ஸ்டெம் செல்லைக் கொடுத்த ஒருவரை அழைத்திருந்தேன். திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். காக்கிச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இந்தக் கையில ரத்தத்த எடுத்து, மிஷின்ல அத்த மட்டும் பிரிச்சிகினு, மிச்சத்த இந்தக் கையில ஏத்திட்டாங்கோ. அவ்ளோதான். அது அவங்க எலும்புக்குள்ள போயி புது ரத்தம் ஊற வெக்குமாம்" என்றார்.

"அவங்க பொழச்சாங்களா, அண்ணா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"தெரியாதும்மா. ஒரு வருசம் கழிச்சி கேட்டா சொல்வாங்கோ. நான் கேக்கல."

"ஏன்?"

"இல்லன்னு சொல்லிட்டா இன்னா பண்றது? இப்போ என் வண்டில ஏர்றவங்க யார் வேணா அவங்களா இருக்கலாம். கேட்டுட்டா அந்த நெனப்பு பூடும்."

எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பது அடுத்த படத்தில் இருந்தது. நான் அதைக் காட்டவில்லை.

மாலை அவர் வண்டியிலேயே திரும்பினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து, ஏறியவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டார். காலடிப்பேட்டையில் மெலிந்த பெண் ஒருத்தி ஏறினாள். தலையில் முடி அப்போதுதான் முளைத்திருந்தது. திருப்பதி மொட்டையாகவும் இருக்கலாம். அதன் பிறகு குழிகளை ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார். வழியில் ஆட்கள் கைகாட்டினார்கள். இரண்டு இடம் காலியாக இருந்தும், அவள் இறங்கும்வரை அவர் யாரையும் ஏற்றவில்லை.