பூவராகவன் புதைத்த தகடு

பூவராகவனுக்கு வாய் திறக்கும் முன்னே கை பேசிவிடும். திருவள்ளூர்க்காரன். ராயபுரத்து ஐஸ் ஃபேக்டரியில் எட்டு வருஷம் கம்ப்ரசரோடு குப்பை கொட்டிவிட்டு, மவுண்ட் ரோட்டுக் கம்பெனி ஒன்றில் ஏ.சி. மாட்டும் ஃபிட்டராகச் சேர்ந்தவன். வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது என்று கம்பெனியில் எல்லோருமே சொல்வார்கள். சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்வார்கள். ஒரு விஷயத்தை ஒரு தடவைக்கு மேல் விளக்கிச் சொல்வது அவன் ஜாதகத்திலேயே இல்லை. இரண்டாம் தடவை கேட்டவனுக்கு அறை, மூன்றாம் தடவை கேட்டவனுக்கு ஸ்பேனர்.

அறுபத்தாறில் மீஞ்சூரில் ஒரு காண்ட்ராக்டர் வீட்டுக்கு ஏ.சி. மாட்டப் போனார்கள். இவனும், இவனோடு ஒரே தட்டில் தின்று வளர்ந்த மோசஸும், மேலே ஒரு சூப்பர்வைசரும். எர்த்துக்குக் குழி வெட்ட எங்கே நேரம் என்று சொல்லி, மெஷினிலிருந்து வரும் எர்த் ஒயரைக் கொல்லைப்புற அடிபம்புக் குழாயில் சுற்றிவிடச் சொன்னான் சூப்பர்வைசர். அப்போது பாதி வீடுகளில் அதுதான் வழக்கம். பம்பும் பூமிக்குள்தானே போகிறது என்று நியாயம் வேறு. மெஷினை ஓடவிட்ட கொஞ்ச நேரத்தில், தாகம் என்று பம்படிக்குப் போன மோசஸ், பிடியோடு ஒட்டிக்கொண்டான். மெயின் சுவிட்ச் வீட்டின் மறுகோடியில் இருந்தது. பூவராகவன் ஓடிப்போய் அதை இறக்கிவிட்டுத் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. வாயில் வைக்காத தண்ணீர் மோசஸின் சட்டையெல்லாம் நனைத்திருந்தது.

சூப்பர்வைசரின் தோள்பட்டை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. பூவராகவனுக்கு மூன்று மாதம் ஜெயில், வேலையும் போயிற்று. வெளியே வந்தவன் இனி எவன் கீழேயும் வேலை செய்வதில்லை என்று தனியாகவே ஏ.சி. மாட்டக் கிளம்பினான்.

அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் எர்த் குழியைத் தானேதான் வெட்டுவான். மெஷினின் இரும்பு உடம்பில் கரண்டு கசிந்தால், அது ஆளைப் பிடிக்காமல் மண்ணுக்குள் இறங்கிப் போக ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் எர்த். ஆள் ஆழத்துக்குக் குழி. அதில் அடுப்புக்கரி ஒரு வரிசை, கல்லுப்பு ஒரு வரிசை, நடுவில் ஒரு செம்புத் தகடு, தகட்டிலிருந்து மெஷினுக்கு ஒயர். தகட்டைப் புதைப்பதற்கு முன் ஆணியால் அதில் வீட்டுக்காரர் பெயரையும் தேதியையும் கீறுவான். பின்னாளில் எவனாவது தோண்டினால் இது யார் வீட்டு உயிர் என்று தெரிந்து திரும்பப் புதைக்கட்டும் என்பது அவன் எண்ணம். பெயருக்குக் கீழே மோசஸுக்காகச் சின்னதாய் ஒரு சிலுவை போடுவான். இதையெல்லாம் எவரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களுக்குத்தான் என்ன கிடைக்கும் என்று தெரியுமே.

எழுபத்திரண்டு வைகாசியில் புதுவாயல் ரைஸ்மில் முதலாளி சின்னதுரை ஆள் அனுப்பினார். மகள் சந்திரகலாவுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை மெட்ராஸ்காரர், அவருக்கு வேர்வை ஆகாதாம். சாந்தி முகூர்த்தம் பெண் வீட்டில், வெள்ளிக்கிழமை இரவு. சுற்றுப்பட்டு ஊரில் எந்த வீட்டிலும் இல்லாத குளிர்மெஷின் அதற்குள் அந்த அறையில் ஓடியாக வேண்டும். மில்லுக்கு வரும் கரண்டிலிருந்து வீட்டுக்குத் தனி லைன் இழுத்து, ஜன்னலை இடித்து, தேக்கு மரச்சட்டம் வைத்து, மெஷினை வெளிப்பக்கம் அரை அங்குலம் சாய்வாக உட்கார்த்தி, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டான். எர்த் மட்டும்தான் பாக்கி.

அறை ஜன்னலை ஒட்டியே குழி வெட்டினான். பிறகு கொல்லைக் கதவருகே போய்ச் சின்னதுரையின் சம்சாரம் அஞ்சம்மாளிடம் ஒரு படி உப்பும் ஒரு கூடை கரியும் கேட்டான்.

"வெள்ளிக்கெழம அதுவுமா ஊட்டு உப்ப கேக்கறியே, இன்னாத்துக்குப்பா?" என்றாள் அவள்.

"தின்றதுக்கு. குடுத்துட்டுப் போம்மா, பேஜாரு பண்ணாத."

உன் பொண்ணு உசுருக்குக் காவல் என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருவது இந்த இடத்தில்தான். வாய் என்ன வாடகைக்கா வாங்கி வைத்திருந்தான்?

அஞ்சம்மாள் உப்பைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பாளா? ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தாள். சாந்தி முகூர்த்த அறைக்குப் பக்கத்தில் குழி. குழிக்குள் கரி, அதன்மேல் தன் வீட்டு உப்பு. பிறகு அவன் பையிலிருந்து ஒரு செம்புத் தகடு வெளியே வந்தது. அதில் ஆணியால் என்னவோ எழுதுகிறான். எட்டிப் பார்த்தாள். தன் புருஷன் பெயர். அதற்குக் கீழே ஒரு குறி.

அவள் போட்ட கூச்சலில் மில்லே நின்றுபோனது.

சின்னதுரை ஓடி வந்தார். பின்னால் மில் எஞ்சின் டிரைவர் அப்பாவு, அவனுக்குப் பின்னால் மூட்டை தூக்கும் ஆட்கள் எட்டுப் பேர். அதற்குள் பூவராகவன் தகட்டை இறக்கி, மேல் வரிசைக் கரியையும் கொட்டியிருந்தான். அப்பாவு குழிக்குள் குதித்துத் தகட்டை ஒயரோடு பிடுங்கி எடுத்தான்.

"எம் பேரு இன்னாத்துக்குடா தகட்டுல?" என்றார் சின்னதுரை.

"அதக் கீழ வெய்டா" என்றான் பூவராகவன், அவரைப் பார்க்காமல், அப்பாவுவிடம்.

"மொதலாளி கேக்கறாருல்ல? எவங்கிட்ட டப்பு வாங்கிக்கினு செய்வின வெக்க வந்த?"

பதில் கையிலிருந்துதான் வந்தது. அப்பாவுவின் இரண்டு பற்கள் குழிக்குள் உப்போடு உப்பாக விழுந்தன.

அப்புறம் நடந்தது சண்டை இல்லை. எட்டுப் பேர் ஒருவனை அடிப்பதற்குச் சண்டை என்று பெயர் கிடையாது. மூட்டைக் கொக்கியின் பின்பக்கத்தால் விலாவில் இடித்தார்கள். விழுந்தவனை முடியைப் பிடித்து வேப்பமரம் வரை இழுத்துக்கொண்டு போய்த் தாம்புக் கயிற்றால் கட்டினார்கள். மில்லில் அறுந்து கிடந்த எஞ்சின் பெல்ட்டை எடுத்துவந்து, வாயில் ரத்தம் ஒழுக அப்பாவுதான் முதல் அடி போட்டான். அந்தப் பெல்ட்டு விழுந்த இடத்தில் சட்டையும் தோலும் சேர்ந்தே கழன்று வந்தன. யார் அனுப்பியது என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். பூவராகவன் கெட்ட வார்த்தையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

அடித்துக் களைத்த பிறகு அஞ்சம்மாளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மெஷினுக்குள்ளேயும் ஏதாவது வைத்திருந்தால்? இரண்டு பேர் போய் மெஷினை அதன் கூட்டிலிருந்து பாதி வெளியே இழுத்து, உள்ளே கையை விட்டுத் துழாவினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அரிசி மூட்டையை அடுக்குவதுபோல் தோளைக் கொடுத்து உள்ளே தள்ளினார்கள். அறையின் கொல்லைப்பக்கக் கதவு திறந்திருந்தது, பூவராகவன் மரத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்தான். கரண்டு ஒயர் இரும்புத் தட்டின் விளிம்புக்கு அடியில் சிக்கியது. அவர்கள் இன்னொரு தடவை இடித்துத் தள்ளினார்கள். ரப்பர் உரிந்து, உள்ளே செம்பு பளபளத்தது. மெஷின் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டது.

அப்பாவு வாயைத் துடைத்துக்கொண்டு, "சுச்சப் போட்டா ஓடப் போவுது. இதுல இன்னா பெரிய வித்த?" என்று மெயினைத் தூக்கிவிட்டான்.

மெஷின் ஓடிற்று. ஜோராக ஓடிற்று. மரச்சட்டத்தில் உட்கார்ந்திருந்ததால் உடம்பில் ஏறிய கரண்டுக்கு இறங்க வழி இல்லை, ஃபியூஸும் போகவில்லை. அறையிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது என்று பெண்டுகள் சிரித்தார்கள். அந்த இரும்புக்குள் சாவு உட்கார்ந்திருப்பது அந்த வீட்டில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் மரத்தில் கட்டுண்டு கிடந்தான்.

அவன் அப்போதும் சும்மாதான் இருந்தான். சாவட்டும், இவனுங்களே தொட்டுச் சாவட்டும் என்றுதான் நினைத்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அடிபட்ட உடம்பு அப்படித்தான் நினைக்கும்.

அப்போது அறைக்குள் சந்திரகலா வந்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரம் சொட்டச் சொட்ட, கழுவிவிட்ட தரையில் வெறுங்காலோடு. கையில் சந்தனக் கிண்ணம். புது மெஷின் எது வந்தாலும் அந்த வீட்டில் பெண்பிள்ளைதான் முதலில் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். மில்லில் எஞ்சின் இறங்கிய நாளிலும் அவள்தான் வைத்தாள். பத்தொன்பது வயது இருக்கும். மூன்று விரலைச் சந்தனத்தில் தோய்த்துக்கொண்டு மெஷினைப் பார்த்து நடந்தாள்.

பூவராகவனுக்கு மோசஸின் சட்டை கண்ணில் வந்து நின்றது.

"எம்மா! தொடாதம்மா! பாடியில கரண்டு நிக்குது!" என்று அலறினான். "எர்த்து இல்ல, ஒயரு நசுங்கிக்கினு கீது, ஈரக்கையோட போவாத!" வாழ்நாளிலேயே முதல் தடவையாக விளக்கம் சொன்னான். மூச்சுவிடாமல், இரண்டு தடவை, மூன்று தடவை சொன்னான்.

எவன் கேட்பான்? "தகட எடுத்ததும் மெஷினு நல்லா ஓடுதுன்னு இவனுக்கு வயிறு எரியுது" என்றான் அப்பாவு. பெல்ட்டு மறுபடி விழுந்தது. சந்திரகலா ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். அம்மா "நீ வெய்டி" என்றாள். அவள் இன்னும் இரண்டு எட்டு எடுத்து வைத்தாள்.

பூவராகவன் தலையைப் பின்னுக்குச் சாய்த்து மரத்தில் ஒரு மோது மோதிக்கொண்டு சிரித்தான். வலித்துக்கொண்டே பெரிதாகச் சிரித்தான்.

"ஒரு தகடுதான்னு நெனச்சிக்கினீங்களா? இன்னொண்ணு அந்த மெஷினுக்குள்ள ஏத்தி வெச்சிக்கிறேன். ஒங்க கண்ணுக்குத் தெரியாது. அது மேல வெரல வெக்கற பொண்ணு அங்கியே ரத்தம் கக்கும். வெய்யி! வெச்சுப் பாரு!"

கிண்ணம் தரையில் விழுந்து உருண்டது. சந்திரகலா சுவர் வரை பின்னால் போய் ஒட்டிக்கொண்டு அழுதாள். பெல்ட்டை வைத்திருந்த அப்பாவுவே இரண்டடி பின்வாங்கினான்.

சின்னதுரை கும்பிடாத குறையாக, "எறக்குடா" என்றார். "வெச்சவன் நீ. நீயே எறக்கு."

"சொல்றத அப்பிடியே செய்யணும். மாத்தினா ரத்தம்தான். மொதல்ல மெயின எறக்கு. ஃபியூஸ் கட்டையப் புடுங்கிக் கெணத்துல போடு. அப்புறம் ஈரமில்லாத கையி, காஞ்ச துணி. பலக மேல ஏறி நின்னுக்கினு பிளக்க உருவு. காஞ்ச மூங்கில் கழியாலதான் மெஷினத் தள்ளணும். பொம்பளைங்க எவளும் அந்த ரூம்புக்குள்ள கால வெக்கக்கூடாது."

வரிசை பிசகாமல் செய்தார்கள். அவன் போட்டதெல்லாம் ஏ.சி. வேலையின் சாதாரணச் சட்டம். பதினைந்து வருஷ வேலையில் அவன் சொன்னதை ஒருவரும் எதிர்க்கேள்வி கேட்காமல், ஒன்று விடாமல் செய்தது அந்த வீட்டில்தான். மெஷின் வெளிப்பக்கமாக விழுந்து உடைந்த சத்தம் கேட்டதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அதன் பிறகு சின்னதுரை பக்கத்தில் வந்து, "எழுதின கை எது?" என்று கேட்டார்.

தகட்டில் கீறும்போது ஆணி எந்தக் கையில் இருந்தது என்று அஞ்சம்மாளுக்குத் தெரியும். வலது கையை அவிழ்த்து, உரல்மேல் வைத்து, கடப்பாரையின் கட்டைப் பக்கத்தால் மூன்று அடி அடித்தார்கள். இரண்டாவது அடிக்கே அவனுக்கு நினைவு போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் மாட்டுவண்டியில் போட்டு, ஆரணி ஆற்று மணலில் தள்ளிவிட்டுப் போனார்கள்.

உயிர் போகவில்லை. மூன்று விரல்கள் போயின. போலீசுக்குப் போகவில்லை. போய் என்ன சொல்வது? பத்து மைல் சுற்றளவில் செய்வினைக்காரன் என்ற பெயர் பரவியிருந்தது. எந்த வீட்டுக்காரனும் அவனை வாசல்படி ஏற்றவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் வர ஆரம்பித்தபோது, ஒன்றில் இடது கையால் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் வேலை கிடைத்தது. எர்த்தைப் பற்றி யார் கேட்டாலும் இப்போது உட்கார்ந்து பொறுமையாகச் சொல்வான். பத்துத் தடவை கேட்டாலும் சொல்வான். சுத்த அறுவை என்று அங்கே அவனைக் கேலி பேசினார்கள்.

எழுபத்தெட்டில் ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து புதுவாயல் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். எதிரே ஒரு பெண், இடுப்பில் ஐந்து வயதுக் குழந்தை. உடம்பு பூசியிருந்தது, ஆனாலும் பார்த்த உடனே தெரிந்தது. சந்திரகலா. அவளுக்கும் தெரிந்துவிட்டது, அவள் முதலில் பார்த்தது அவன் முகத்தை அல்ல, கையை. வெடுக்கென்று முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். குழந்தை அதை விலக்கிக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தது. பெண் குழந்தை. அம்மாவைப் போலவே நெற்றி.

சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இப்போதுதான் சொல்லத் தெரியுமே. ஆனால் அவள் கண் அவன் காலடியிலேயே இருந்தது. அவன் காலடி மண்ணை எடுத்துக் குழந்தைக்குச் சுற்றிப் போட நினைக்கிறாள், கிட்டே வரப் பயப்படுகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

பூவராகவன் செருப்பைக் கழற்றினான். வெறுங்காலை மண்ணில் நன்றாக அழுத்தி வைத்தான். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய், அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.